எப்ப ஆரம்பிச்சது?

“நரம்புத் தளர்ச்சிக்கு ஏதாவது மாத்திரை குடுங்க தம்பி.”

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சின்னக் கடைத்தெருவில் இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்தப் பேச்சு காதில் விழாத வாரமே கிடையாது. டம்ளரைத் தூக்கினால் கை ஆடுகிறது என்பவரும் இதைத்தான் கேட்பார். பாதம் எரிந்து தூக்கம் வரவில்லை என்பவரும் இதைத்தான் கேட்பார். மகனுக்கு ஃபிட்ஸ் வந்தது என்று சொல்லக் கூச்சப்படும் அம்மாவும் இந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்வார். பஸ் ஸ்டாண்டு சுவரொட்டிகள் இதற்கு வேறொரு பொருளையும் ஒட்டி வைத்திருப்பதால் சில ஆண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அது தனிக் கதை.

இன்றைய மருத்துவத்தில் நரம்புத் தளர்ச்சி என்று ஒரு நோய் இல்லை. அந்த ஒரே சாக்குக்குள் பத்துப் பதினைந்து நோய்களைப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். சிலது ஒரு மணி நேரம் தாமதித்தால் ஆளை முடக்கிவிடும். சிலது இருபது வருடம் கூடவே வரும். சிலது நாலு ஊசியில் சரியாகிவிடும். எது எது என்று பிரிக்க நரம்பியல் மருத்துவர்கள் ஸ்கேனுக்கும் முன்னால் கையில் எடுப்பது இரண்டு கேள்விகளை. எங்கே? எப்ப ஆரம்பிச்சது?

முதல் கேள்விக்கான பதில், கோளாறு மூளையிலா, தண்டுவடத்திலா, கைகால் நரம்பிலா என்று காட்டும். இரண்டாவதற்கான பதில், அது என்ன கோளாறு என்பதைப் பாதிக்கு மேல் காட்டிக்கொடுத்துவிடும். நொடியில் வந்ததென்றால் ரத்தக்குழாயைச் சந்தேகப்பட வேண்டும். சில நிமிடம் வந்து தானாகப் போனால் மூளையின் மின்சாரத்தை. வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே வந்தால் கட்டி, ரத்தக்கட்டு, கிருமி. வருடக்கணக்கில் என்றால் செல்கள் மெல்ல அழிந்துகொண்டிருக்கலாம். விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

நொடியில் வருவது

என் பெரியப்பா விஷயத்தில் இருந்து தொடங்குகிறேன். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம். காலை ஏழு மணிக்கு டீ குடித்துக்கொண்டிருந்தவர் கையில் இருந்து டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. ஏதோ சொல்ல வந்தார், சொல் வரவில்லை. “வாயு பிடிச்சிருக்கு” என்று யாரோ சொல்ல, வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். மதியம் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏறியது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது மாலை நாலரை. அதற்குப் பிறகு அவர் வலது கை கடைசிவரை விளங்கவில்லை.

மூளையின் எடை ஏறக்குறைய 1.4 கிலோ, உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுதான் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவாளிக்குச் சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. நம் வீட்டில் பத்தாயம் நிறைய நெல் இருந்தால் ஒரு போகம் பொய்த்தாலும் சமாளிக்கலாம். மூளைக்குப் பத்தாயம் கிடையாது. அது அன்றாடங்காய்ச்சி. ரத்தம் நின்ற நிமிடத்தில் இருந்து பட்டினி தொடங்கிவிடும். பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். டீ ஆறுகிற நேரத்தில் எத்தனை லட்சம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் இதுதான். பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதால் வருகிறது. மீதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவதால். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வைத்தியமோ நேரெதிர். அடைப்புக்கு ரத்தத்தை இளக்க வேண்டும், கசிவில் அதையே செய்தால் உயிர் போகும். அதனால்தான் முதலில் சிடி ஸ்கேன். “யூடியூப்ல சொன்னாங்க, ஒரு ஆஸ்பிரின் குடுங்க” என்று ஓடி வருகிறவர்களுக்கு நான் மாத்திரை தருவதில்லை, 108-க்கு போன் போட்டுத் தருகிறேன். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், விழுங்கும் தசையும் விழுந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போகும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தேர்ந்தெடுத்த சிலருக்கு, குழாய் வழியாக உள்ளே போய் ரத்தக்கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையை 24 மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள், அது பெரிய மையங்களில்தான். நாலரை மணி நேரம் நிறைய போலத் தோன்றும். வேதாரண்யத்தில் இருந்து தஞ்சாவூர் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. வீட்டில் கூடிப் பேசும் நேரத்தையும், கார் தேடும் நேரத்தையும், ஸ்கேன் இல்லாத இடத்தில் நின்றுவிட்டுப் போகும் நேரத்தையும் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வண்டி ஏறும்போதே, “சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று கேளுங்கள்.

அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கவனித்த நேரத்தில் இருந்து இல்லை. கடைசியாக நன்றாக இருந்ததை யாரோ பார்த்த நேரத்தில் இருந்து. காலை ஐந்துக்கு எழும்போதே கை விழுந்திருந்தால், ராத்திரி பத்துக்குப் பேசிவிட்டுப் படுத்தாரே, அந்தப் பத்து மணிதான் கணக்கு. இப்படித் தூக்கத்தில் வந்தவர்களுக்கும் சில ஸ்கேன்களை வைத்து வழி தேடுகிறார்கள் என்பதால், நேரம் போய்விட்டது என்று வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம்.

அடையாளம் கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை. சிரிக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? “கல்லணையில் தண்ணி திறந்தாச்சு” என்று சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? திடீரென்று நடை தள்ளாடுவது, பார்வை போவது ஆகியவையும் இதில் சேர்த்தி. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும். தானாகச் சரியானது நல்ல செய்தி மாதிரி இருக்கும். பெரிய பக்கவாதம் அதற்கடுத்த இரண்டே நாளில் வருவது உண்டு.

இன்னொன்று. பெரியப்பாவுக்குப் பேச்சு போனதும், புத்தியும் போய்விட்டது என்று நினைத்து அவர் எதிரிலேயே சொத்துப் பேசினார்கள். அவருக்கு எல்லாம் புரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பாதியில் இருக்கிறது, உடலின் வலது பக்கத்தை ஆள்வதும் அதே பாதிதான். ஆகவேதான் வலது கையும் பேச்சும் சேர்ந்து போகின்றன. சொல் எடுக்க முடியாதவரை, எதுவும் அறியாதவராக நடத்தக் கூடாது.

பக்கவாதத்துக்கு முதல் காரணம் ரத்த அழுத்தம். அது வலிக்காது, எரிக்காது, அதுதான் சங்கடம். “பிரஷர் நார்மலாயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்” என்று என் கடையில் பெருமையோடு சொல்பவர்கள் ஏராளம். மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல் ஆனது! 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, விலையைக் காரணம் சொல்லவும் வழியில்லை. உப்பு ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாகப்பட்டினம் கருவாட்டையும் கோடை வடாமையும் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைக் காப்பாற்றுவது எளிதில்லை என்று எனக்கும் தெரியும்.

நிமிடங்களில் வந்து போவது

மூளை செல்கள் மின் சமிக்ஞைகளால் பேசிக்கொள்கின்றன. சந்தை நாளில் ஆளுக்கொரு பேச்சு பேசுகிற மாதிரி, அதுதான் இயல்பு. திடீரென்று கூட்டம் முழுக்க ஒரே கோஷம் போட்டால் எப்படி இருக்கும்? வலிப்பு அதுதான். கோஷம் மூளை முழுக்கப் பரவினால் கைகால் வெட்டி இழுக்கும். ஒரு மூலையோடு நின்றால், பையன் அரை நிமிடம் வெறித்துப் பார்ப்பான், உதட்டைச் சப்புவான், கேட்டால் நினைவிருக்காது. பள்ளிக்கூடத்தில் இதற்குக் கவனக்குறைவு என்று அடி வாங்கிய பிள்ளைகள் உண்டு.

நம் ஊரில் உடனே கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பார்கள். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கும். சாவி வந்து சேரும் நேரமும் அதுதான். பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்: பக்கத்தில் இருக்கும் அரிவாள், அடுப்பு, தண்ணீரை விட்டு விலக்குங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், வெட்டு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குப் போகும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ, அதுதான் முதல் தடவை என்றாலோ 108. முடிந்தால் யாராவது செல்போனில் வீடியோ எடுங்கள். மருத்துவர் முன்னால் போய் நிற்கும்போது நோயாளி நன்றாக இருப்பார், அந்த வீடியோதான் பேசும்.

வலிப்பு நோயுள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் சரியான மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் வலிப்பே இல்லாமல் வாழ முடியும். தவறவிடுவது பெரும்பாலும் கல்யாணப் பேச்சு தொடங்கும்போது. மாத்திரை வீட்டில் இருந்தால் தெரிந்துவிடுமே என்ற பயம். சட்டம் இதில் வீட்டை விட முன்னால் போய்விட்டது. இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த ‘வலிப்பு’ என்ற சொல்லை 1999-இலேயே நீக்கிவிட்டார்கள். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும், வால்புரோவேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும். தாங்களாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.

நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம், பன்றி நாடாப்புழுவின் முட்டை. மலம் கலந்த தண்ணீர், கழுவாத கீரை, கழுவாத கை வழியாக வயிற்றுக்குப் போய், மூளையில் கொப்புளமாகத் தங்கும். பன்றிக்கறியே தொடாத சுத்த சைவர்களுக்கும் வரும். மருந்து இருக்கிறது.

ஒற்றைத் தலைவலியும் வந்து போகிற ரகம்தான், மணிக்கணக்கில். வெளிச்சம் கூசும், குமட்டும், சிலருக்குக் கண்ணில் முதலில் மின்னல் மின்னும். இதில் கடைக்காரனாக நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். கலப்பு மாத்திரைகளுக்குப் பத்து நாளே போதும். தினமும் ஒன்று வாங்கிப் போகிறவரிடம் இதைச் சொன்னால், அவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

கடைமடை நரம்பு

கால் எரிச்சல், மதமதப்பு, செருப்பு நழுவியதே தெரியாமல் நடப்பது: “நரம்பு மாத்திரை” விற்பனையில் பெரும்பங்கு இதற்குத்தான். சுகர் பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் நரம்பின் நுனி கருகுகிறது. இடுப்பில் இருந்து கால் விரல் வரை போகும் நரம்பு ஒரு மீட்டர் நீளம். எது நீளமோ அதன் நுனி முதலில் காயும். கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எரிச்சல் விரலில் தொடங்கி மேலே ஏறி, முழங்காலை நெருங்கும்போது கைவிரலும் மரத்துப்போகத் தொடங்கும். வலியைவிட ஆபத்து வலி தெரியாதது. சேற்றில் நத்தை ஓடு கிழித்தால் உணராமல், ரெண்டாம் நாள் நாற்றம் வந்த பிறகு பார்க்கிறார்கள். வயலில் இருந்து கரையேறியதும் பாதத்தைக் கழுவிக் கண்ணால் பாருங்கள்.

நரம்பு மாத்திரை என்பது பி வைட்டமின் கலவை. குறைபாடு இருப்பவர்களுக்கு அது அருமையான மருந்து, இல்லாதவர்களுக்கு சிறுநீரை மஞ்சளாக்கும். யாருக்குக் குறைபாடு? மெட்ஃபார்மின் நெடுங்காலம் சாப்பிடும் சுகர்காரர்களுக்கும், மீன், முட்டை, பால் அதிகம் சேர்க்காதவர்களுக்கும் பி12 குறையலாம். தினமும் குடிப்பவர்களுக்கு பி1 குறையும். இந்த பி1 கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதையும், தவிடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டு, 1929-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கல் சோறு சாப்பிட்ட நம் பாட்டிகளுக்கு எய்க்மனைத் தெரியாது, பி1 குறைந்தால் வரும் பெரிபெரி நோயையும் தெரியாது.

நரம்பும் தசையும் சேரும் இடத்தில் தாக்குகிற ஒரு ஆசாமி நம் வயக்காட்டிலேயே இருக்கிறான், கட்டுவிரியன். தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும், வலியோ தடமோ அதிகம் இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, அப்புறம் இமை தொங்கும், விழுங்க முடியாது, மூச்சுத் தசை நிற்கும். காலையில் இமை தொங்கினால் பாம்பையும் நினையுங்கள். கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் இருக்கிற அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

மெல்ல வருவது

கும்பகோணம் டவராவில் காபியைத் தூக்கும்போது கை நடுங்குகிறதா, மடியில் சும்மா வைத்து டிவி பார்க்கும்போது நடுங்குகிறதா? முதலாவது பெரும்பாலும் குடும்பவழி நடுக்கம், தொந்தரவே தவிரப் பெரிய ஆபத்தில்லை. இரண்டாவது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தது. மூளையில், அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. நடை சுருங்கும், எழுத்து பொடியாகும், முகம் உணர்ச்சி காட்டாது. வாசனை தெரியாமல் போவதும் மலச்சிக்கலும் பல வருடம் முன்பே வந்திருக்கும். லெவோடோபா மாத்திரை நன்றாகக் கேட்கும், நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இருக்கிறது, உண்மைதான். எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதுதான் ஆபத்து.

எங்கள் பக்கம் மருந்து என்றால் இரண்டு அர்த்தம். வயலுக்கு அடிப்பதும் மருந்துதான். பாராகுவாட் போன்ற சில களைக்கொல்லிகளோடும் பூச்சிமருந்துகளோடும் நெடுங்காலம் புழங்குபவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெறும் உடம்போடு காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். நானும் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைச்சுற்றலுக்கான சின்னாரிசின் மாத்திரையை ஒரு பெரியவருக்குப் பழைய சீட்டைப் பார்த்து மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது பார்க்கின்சன் மாதிரியே நடையைக் கெடுக்கும். மருத்துவர் நிறுத்தச் சொன்னதும் சில மாதங்களில் அவர் தேறினார். அதில் இருந்து பழைய சீட்டுக்கு அந்த மாத்திரை தருவதில்லை.

மறதிக்கு வருவோம். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுவது வயது. கண்ணாடி எதற்கென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது நோய். ஐம்பது வருடம் குழம்பு வைத்த கை, புளி முன்னாலா பருப்பு முன்னாலா என்று தடுமாறினால் கவனிக்க வேண்டும். மறதி நோய்களில் அதிகம் காணப்படுவது அல்சைமர், 1906-இல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் முதலில் எடுத்துச் சொன்னது. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு ஒன்று 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. பிரஷர், சுகர், புகை, குடி, தலைக்காயம், தனிமை எல்லாம் எதிர்பார்த்தவைதான். எனக்கு ஆச்சரியம், காது கேளாமையும் அதில் இருப்பது. தாத்தாவுக்குக் காது மெஷின் வாங்குவது மூளைக்கும் செய்கிற செலவு.

எல்லா மறதியும் அல்சைமர் இல்லை. தைராய்டு, பி12 குறைவு இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மூன்றாவது ஒன்று, கொல்லைப்புறத்தில் வழுக்கித் தலையில் லேசாக இடித்துக்கொண்ட முதியவருக்கு, எல்லோரும் அதை மறந்த பிறகு, மூன்று நாலு வாரம் கழித்து வரும். தூங்கிக்கொண்டே இருப்பார், பேச்சு குழம்பும், ஒரு கால் இழுக்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கியிருக்கும். சிறு துளை போட்டு வடித்தால் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். வயசாகிவிட்டது என்று திண்ணையில் படுக்க வைத்தால் அவ்வளவுதான். நம் சீர்காழியில் 1922-இல் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி, 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவைசிகிச்சையைத் தொடங்கினார். இன்று இந்தத் துளை போட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

போன ஐப்பசியில், அடைமழை நாள், எதிர்ச்சாரி டீக்கடை அக்கா நனைந்துகொண்டே கடைக்கு ஓடிவந்தார். “அஞ்சே முக்காலுக்குப் பால் ஊத்தினப்ப எங்க வீட்டுக்காரரு நல்லாப் பேசுனாரு தம்பி. ஆறு மணிக்குப் பார்த்தா வாய் கோணியிருக்கு.” அக்கா எதுவும் மாத்திரை கேட்கவில்லை. 108-க்குச் சொல்லிவிட்டு, கையில் கிடைத்த மாத்திரைக் கவரின் பின்பக்கம் ‘காலை 5.45 நன்றாக இருந்தார்’ என்று எழுதி, வீட்டுக்காரர் சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் பெயரையும் கீழே சேர்த்தேன். அக்கா அதை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினார்.